பழைய படச்சுருள்: ‘நல்ல நிலை’ என்று எழுதினால் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பழைய தமிழ்ப் படச்சுருள் விற்பனைக்கு உண்டு என்ற அறிவிப்புகள் இப்போது அடிக்கடி கண்ணில் படுகின்றன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் இடிபடுகின்றன. சிறு பட்டணத்துத் தியேட்டர்கள் மரச்சாமான் கடையாகவும் பறவைக்கூட்டுக் கட்டடமாகவும் மாறிவிட்டன. அங்கெல்லாம் ஸ்டோர் அறையில் கிடந்த தகர டின்கள் பழைய சாமான் கடைக்காரர் வழியாகச் சேகரிப்பாளர் கைக்கு வந்து சேருகின்றன. பினாங்கு லோரோங் கூலிட், பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் போன்ற பழம்பொருள் சந்தைகளில் சுற்றுகிறவர்களுக்கு இந்த டின்கள் புதிதல்ல. குப்பைக்குப் போகாமல் யாரோ ஒருவர் வீட்டு அலமாரிக்குப் போவது நல்லதுதான்.

ஆனால் அறிவிப்பில் இருப்பது என்ன? “சிவாஜி படம், 16 மி.மீ., நல்ல நிலை.” அவ்வளவுதான். வாங்குகிறவரும் நடிகர் பெயரைப் பார்த்தே பணம் கட்டுகிறார். வீட்டுக்குக் கொண்டுபோய் மெஷினில் மாட்டினால் இரண்டாவது நிமிடத்தில் ஓரத்துத் துளைகள் கிழிந்து சுருள் தரையில் குவிகிறது. பிறகு விற்றவருக்கும் வாங்கியவருக்கும் சண்டை. பெரும்பாலும் இருவருமே பொய் சொல்லியிருக்க மாட்டார்கள். இருவருமே சுருளைப் பார்த்திருக்க மாட்டார்கள். நீளம் எவ்வளவு, எவ்வளவு சுருங்கியிருக்கிறது, வாடை உண்டா, நிறம் எப்படி, ஒட்டுகள் எத்தனை என்று ஒரு பக்கத் தாளில் எழுதி டின்னோடு கொடுப்பதை விற்கிறவர்கள் வழக்கமாக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம். எப்படிப் பார்த்து எழுதுவது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

பார்ப்பதற்குப் புரொஜெக்டர் வேண்டாம். சொல்லப்போனால் புரொஜெக்டரில் போட்டுப் பார்ப்பதுதான் முதல் தவறு. ஒரு மேசை, கையால் சுற்றும் ரிவைண்டர் ஒரு ஜோடி, நடுவில் வெள்ளை வெளிச்சப் பலகை, பத்து மடங்கு பெரிதாக்கும் கண்ணாடி, பஞ்சு நூல் கையுறை, மில்லிமீட்டர் போட்ட இரும்பு அடிக்கோல் இருந்தால் போதும். சுருளை இடது பக்கம் மாட்டி வலது பக்கம் மெதுவாகச் சுற்றுங்கள். சுற்றும்போது கையுறை போட்ட இடது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சுருளின் இரண்டு ஓரங்களையும் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள். துளை கிழிந்த இடத்தில் நூல் சிக்கும், ஒட்டு வந்தால் விரலில் தடிப்பு தட்டும். கண் தவறவிடுவதை விரல் பிடித்துவிடும்.

முதலில் நீளம். 35 மி.மீ. அகலச் சுருளில் ஓர் அடிக்கு 16 கட்டங்கள் (ஃபிரேம்). நொடிக்கு 24 கட்டங்கள் ஓடுவதால் நிமிடத்துக்கு 90 அடி. 16 மி.மீ.யில் ஓர் அடிக்கு 40 கட்டங்கள். நிமிடத்துக்கு 36 அடி. ஆகவே 1,600 அடி கொள்ளும் 16 மி.மீ. ரீல் ஏறக்குறைய 44 நிமிடம் ஓடும். 35 மி.மீ.யில் 1,000 அடி ரீல் 11 நிமிடம். இரண்டே முக்கால் மணி நேரத் தமிழ்ப் படம் 16 மி.மீ.யில் மூன்று 1,600 அடி ரீலுக்குள் அடங்கவே அடங்காது. அப்படி மூன்று ரீலைக் காட்டி “முழுப் படம்” என்று ஒருவர் சொன்னால், ஒன்று அவருக்குத் தெரியாது, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார்.

அசல் நீளம் தெரிய வெளியே எங்கும் தேட வேண்டியதில்லை. இந்தியத் தணிக்கைச் சான்றிதழ் முதல் ரீலின் தொடக்கத்திலேயே இருக்கும். அதைக் கண்ணாடி வைத்துப் படித்தால் மொத்த நீளமும் ரீல் எண்ணிக்கையும் கிடைக்கும்; பழையவற்றில் அடிக்கணக்கு, பிந்தியவற்றில் மீட்டர். அந்த நீளம் பெரும்பாலும் 35 மி.மீ.க்கு உரியது. அதை 0.4 ஆல் பெருக்கினால் 16 மி.மீ. பிரதிக்கு இருக்க வேண்டிய நீளம் வரும். சான்றிதழில் 4,400 மீட்டர் என்றிருந்தால் உங்கள் கையில் உள்ள 16 மி.மீ. பிரதி 1,760 மீட்டர் இருக்க வேண்டும். அடிக்கணக்கில் ஏறத்தாழ 5,770. சில பத்து அடிகள் குறைவது சகஜம். ஒவ்வொரு முறை மாட்டும்போதும் ரீலின் முதலும் கடைசியும் தேய்ந்து, கிழிந்து, வெட்டுப்பட்டுப் போகும். முந்நூறு அடி, ஐந்நூறு அடி குறைந்தால் அது தேய்மானம் அல்ல. அங்கே பாட்டு போயிருக்கிறது.

இந்தப் பாட்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முழுப் படத்தை ஒருவருக்கு விற்பதைவிட, எட்டுப் பாட்டுகளை வெட்டி எட்டுப் பேருக்கு விற்றால் அதிக வெள்ளி வரும் என்ற கணக்கு இந்தப் பொழுதுபோக்கில் வெகுநாளாக உண்டு. தியேட்டர் ஆப்பரேட்டர்களே அந்தக் காலத்தில் வெட்டி வைத்துக்கொண்டதும் உண்டு. நான்கு நிமிடப் பாட்டு என்றால் 16 மி.மீ.யில் 144 அடி, 35 மி.மீ.யில் 360 அடி. சின்னப் பொட்டலம்தான், சுலபமாகக் கைமாறும். ஆனால் வெட்டுகிறவர்கள் ஒன்றை நினைத்துப் பார்ப்பதில்லை. சுருளில் படமும் அதற்குரிய ஒலியும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. 16 மி.மீ.யில் ஒலி 26 கட்டங்கள் முன்னால் பதிந்திருக்கும், 35 மி.மீ.யில் 21 கட்டங்கள். மெஷினில் படம் ஒளிரும் வாயிலும் ஒலியைப் படிக்கும் உருளையும் வெவ்வேறு இடத்தில் இருப்பதால் வந்த ஏற்பாடு இது.

பாட்டின் முதல் கட்டத்தில் கத்தரி வைத்தால் என்ன ஆகும்? அந்தப் பாட்டின் முதல் ஒரு நொடி ஒலி, வெட்டுக்கு முன்னால் படத்தோடேயே தங்கிவிடும். படத்தை ஓட்டும்போது காட்சி சட்டென்று தாவும். தாவிய பிறகும் ஒரு நொடி, போன பாட்டின் முதல் தாளம் மட்டும் வேறொரு காட்சியின்மேல் ஒலித்து அறுந்துபோகும். வெட்டி எடுத்த துண்டிலோ பாட்டு தொடங்கும் முதல் நொடி ஊமை. முடிவில் அடுத்த காட்சியின் வசனம் ஒரு நொடி ஒட்டிக்கொண்டிருக்கும். படத்திலும் அடுத்த காட்சியின் முதல் நொடி வசனம் போயிற்று. பாட்டு வாங்கியவருக்கும் முழுமை இல்லை, படம் வாங்கியவருக்கும் முழுமை இல்லை. துண்டைத் திரும்ப ஒட்டினாலும் ஒவ்வொரு வெட்டிலும் ஓரிரு கட்டங்கள் நசுங்கிப் போயிருக்கும். பாட்டு மட்டும்தான் வேண்டும் என்பவருக்கு அந்தப் பாட்டை ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டுப் போகலாமே. சுருளை வெட்டுவானேன்? சாவிக்கொத்துக்கும் மேசை விளக்குக்கும் கட்டம் கட்டமாக நறுக்கி விற்கிறவர்களைப் பற்றி எழுதப் போனால் கடிதம் வேறு மாதிரி ஆகிவிடும், விட்டுவிடுகிறோம்.

வெட்டு நடந்ததா என்று மேசையிலேயே தெரியும். ஒட்டு வந்ததும் நிறுத்தி, அதன் இரு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் வீட்டுக்கூடம், மறுபக்கம் ஆற்றங்கரை, நடுவில் ஒட்டு என்றால் சந்தேகப்படுங்கள். ஒரே காட்சிக்குள் ஒட்டு இருந்தால் அது அறுந்து ஒட்டியது. ஒட்டுகளை எண்ணி, எந்த அடியில் எது என்று எழுதுங்கள். ஃபிலிம் சிமென்ட் என்ற பசையால் போட்ட பழைய ஒட்டு காய்ந்து விட்டுவிடும். விரலால் லேசாக வளைத்தால் வாய் பிளக்கும். கடையில் விற்கும் சாதாரண செலோடேப் போட்டு ஒட்டியிருந்தால் அந்தப் பசை கசிந்து மேலும் கீழும் உள்ள சுற்றுகளைப் பிடித்திருக்கும். அதைப் பிய்த்து, துளை போட்ட சுருள் டேப்பால் புதிதாக ஒட்ட வேண்டும்.

அடுத்தது வாடை. இந்த நாட்டில் சுருளைக் கொல்வது இதுதான். 16 மி.மீ. பிரதிகளிலும், 1950களுக்குப் பிந்திய 35 மி.மீ. பிரதிகளிலும் பெரும்பாலானவை அசிட்டேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளம் கொண்டவை. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிட்டேட் சிதைந்து அசிட்டிக் அமிலத்தை விடும். டின்னைத் திறந்ததும் அச்சாருக்கு ஊற்றும் வினிகர் வாடை முகத்தில் அடிக்கும். வெளிவந்த அமிலம் மூடிய டின்னுக்குள் தேங்கி மேலும் சிதைவைத் தூண்டும், பக்கத்து டின்னில் உள்ள நல்ல சுருளையும் தொற்றும். 21 பாகை வெப்பம், 50 விழுக்காடு ஈரப்பதத்தில் புதிய அசிட்டேட் சுருள் இந்தக் கட்டத்தை எட்ட ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆகும் என்பது அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் உள்ள இமேஜ் பெர்மனென்ஸ் இன்ஸ்டிடியூட்டின் கணக்கு. நம் வானிலையில், அதுவும் தகரக் கூரை ஸ்டோரில், அந்த ஆயுளில் சிறு பங்குதான் மிஞ்சும்.

மூக்கை மட்டும் நம்பினால் போதாது. அதே நிறுவனம் ஏ-டி ஸ்ட்ரிப் என்ற சிறு தாள்களை விற்கிறது. நீல நிறத் தாள் ஒன்றைச் சுருளோடு டின்னில் போட்டு மூடி, அறை வெப்பத்தில் ஒரு நாளாவது வையுங்கள். நீலமாகவே இருந்தால் நலம், பச்சைக்குத் திரும்பினால் சிதைவு தொடங்கிவிட்டது, மஞ்சளானால் முற்றிவிட்டது. அந்தத் தாளின் அளவுகோலில் 1.5ஐத் தாண்டிவிட்டால் அமிலமே அமிலத்தைப் பெருக்கும் வேகம் வந்துவிடும். அப்புறம் தள்ளிப்போடாமல் ஸ்கேன் செய்வது ஒன்றே வழி. டின்னுக்குள் பாச்சை உருண்டை போட்டு விற்பவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பூச்சிக்கு எதிராகப் போட்டிருக்கலாம். ஆனால் வினிகர் வாடையை அது அழகாக மறைத்துவிடும்.

வாடைக்குக் கூடப்பிறந்தது சுருக்கம். இதைத்தான் யாரும் அளப்பதில்லை, ஆனால் அளப்பதற்கு மூன்று நிமிடம் ஆகாது. 16 மி.மீ. பிரதியில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடைவெளி 7.62 மி.மீ. நூறு இடைவெளிக்கு 762 மி.மீ. சுருளின் நடுவிலிருந்து ஒரு நீளத்தை எடுத்து மேசையில் தட்டையாகப் படியவைத்து, முதல் துளையின் விளிம்பில் அடிக்கோலின் பூஜ்யத்தை வைத்து, 101ஆவது துளையின் அதே பக்க விளிம்பு எங்கே வருகிறது என்று பாருங்கள். 760க்கு மேல் இருந்தால் கவலை இல்லை. 756 என்றால் 0.8 விழுக்காடு சுருங்கியிருக்கிறது. மெஷினில் போடுவதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டிய இடம். 754 வந்துவிட்டால் ஒரு விழுக்காட்டைத் தாண்டியாயிற்று. மெஷினில் போடவே கூடாது. 35 மி.மீ.க்கு நூறு துளை இடைவெளி 475 மி.மீ.; அது 470 ஆனால் அதே கதை. ரீலின் வெளிச்சுற்றில் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, உள்சுற்றில் ஒரு முறை என்று மூன்று இடத்தில் அளந்து மூன்றையும் எழுதுங்கள். வெளிச்சுற்றும் உள்சுற்றும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை.

ஏன் இத்தனை கறார்? புரொஜெக்டரின் நகம் ஒவ்வொரு நொடியும் 24 தடவை துளைக்குள் புகுந்து சுருளைக் கீழே இழுக்கிறது. துளை இருக்க வேண்டிய இடத்தில் இல்லாவிட்டால் நகம் துளையின் விளிம்பில் குத்தும். கண்ணாடி வைத்துப் பார்த்தால் துளையின் ஒரு பக்கத்தில் பிறை வடிவத்தில் சின்னக் கீறல் தெரியும், அதுதான் ஆரம்பம். அடுத்த ஓட்டத்தில் பிறை கிழிசலாகும், அதற்கடுத்த ஓட்டத்தில் துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓரமே நார் நாராகிவிடும். மெஷின் நன்றாக ஓடுகிறது, சத்தம் மட்டும் டக் டக்கென்று வருகிறது என்று சிலர் சொல்வார்கள். அந்தச் சத்தம் சுருள் கிழிகிற சத்தம்.

1990களில் வந்த 35 மி.மீ. பிரதிகளில் பாலியஸ்டர் அடித்தளம் உண்டு. ரீலை வெளிச்சத்துக்கு நேரே ஓரமாகப் பிடித்தால் பாலியஸ்டரில் வெளிச்சம் ஊடுருவித் தெரியும், அசிட்டேட் இருட்டாக இருக்கும். பாலியஸ்டருக்கு வினிகர் நோய் வராது. சிமென்ட் ஒட்டு அதில் பிடிக்காது, டேப் ஒட்டுதான். அது கிழியவும் கிழியாது, ஆகவே எங்காவது சிக்கினால் சேதம் மெஷினுக்கு.

ஒரே ஓர் எச்சரிக்கையை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். 1950களின் நடுப்பகுதிக்கு முந்திய 35 மி.மீ. டின் கிடைத்தால் அது நைட்ரேட்டாக, அதாவது எளிதில் தீப்பற்றும் பழைய வகை அடித்தளமாக, இருக்கலாம். கோடக் நிறுவனம் நைட்ரேட் சுருள் தயாரிப்பை நிறுத்தியது 1951இல்தான். ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற எழுத்து இருந்தால் ஓரளவு நிம்மதி. அந்த எழுத்து நெகட்டிவிலிருந்து நகலாகி வந்ததாகவும் இருக்கலாம் என்பதால் முழு நிம்மதி இல்லை. பிரதியின் சொந்த எழுத்து தெளிந்த ஓரத்தில் கறுப்பாக இருக்கும். நெகட்டிவிலிருந்து வந்தது கறுப்பு ஓரத்தில் வெள்ளையாக இருக்கும். நைட்ரேட் எரிந்தால் தண்ணீர் ஊற்றியும் அணையாது, எரிவதற்கு வேண்டிய ஆக்சிஜனைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். சிதைந்துபோன நைட்ரேட் நீண்ட நேரம் சூட்டில் கிடந்தால் 41 பாகையிலேயே தானாகப் பற்றிக்கொள்ளக்கூடும். மத்தியான வெயிலில் தகரக் கூரைக்கடியில் அந்தச் சூடு வரும். சுருள் பழுப்பேறிப் பிசுபிசுத்து, நுரை கட்டி, அல்லது பழுப்புத் தூளாகிக் கிடந்தால் கை வைக்காமல் தீயணைப்புத் துறையிடம் கேளுங்கள். துண்டு வெட்டிக் கொளுத்திப் பார்க்கும் ‘சோதனை’ வேண்டவே வேண்டாம். தபாலிலும் அனுப்பக்கூடாது, அது ஆபத்தான சரக்கு. 16 மி.மீ. வைத்திருப்பவர்கள் இதற்குப் பயப்பட வேண்டாம். கோடக் 1923இல் அந்த அளவைக் கொண்டுவந்ததே வீட்டில் வைத்துப் பார்க்கத் தகுந்த பாதுகாப்பான அடித்தளத்தில்தான்.

நிறத்தைப் பற்றி. கறுப்பு வெள்ளைப் பிரதியில் உருவம் வெள்ளி உலோகத்தால் ஆனது, சுலபத்தில் மங்காது. 1950களின் நடுவில் கேவாகலர், தொடர்ந்து ஈஸ்ட்மன்கலர் ஆகிய வண்ணச் சுருள் வகைகள் தமிழ்ப் படத்துக்கு வந்தன. 1980களுக்கு முந்திய வண்ணப் பிரதிகளில் நீலப்பச்சைச் சாயம் இருட்டில் டின்னுக்குள் கிடந்தாலும் மங்கிப்போகும். படம் முழுக்க இளஞ்சிவப்பாகிவிடும். கோடக் 1982 வாக்கில் கொண்டுவந்த எல்.பி.பி. வகைச் சுருள் இதைப் பெரிதும் குறைத்தது, ஆகவே ஓரத்தில் அந்த மூன்றெழுத்து இருந்தால் அறிவிப்பில் அவசியம் எழுதுங்கள். இந்தியாவில் அச்சான பிரதிகளில் ஆர்வோ, ஊட்டியில் தயாரான இந்து (INDU) ஆகிய பெயர்களும் வரும். கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினால் கேமரா தானாக நிறத்தைத் திருத்திக் கொள்ளும். சிவப்பேறிய பிரதிகூடச் சுமாராகத் தெரியும். வெளிச்சப் பலகையில் சுருளை வைத்து, துளைகளும் ஓரமும் தெரியும்படி, சுற்றிலும் வெற்று வெள்ளை விட்டு எடுங்கள். வாங்குகிறவர் கதாநாயகியின் சேலையைப் பார்க்க வேண்டாம், தலைமுடியைப் பாருங்கள். முடி கறுப்பாக இருக்கிறதா, அரக்குச் சிவப்பாக இருக்கிறதா? அரக்கு என்றால் நீலப்பச்சை போய்விட்டது. திரும்ப வராது. ஸ்கேன் செய்து கணினியில் ஓரளவு சரிக்கட்டலாம், அவ்வளவுதான்.

கோட்டுக் கீறல்களிலும் வகை உண்டு. பளபளப்பான அடித்தளப் பக்கத்தில் விழுந்த கீறல் திரையில் கறுப்புக் கோடாகத் தெரியும். ஓரளவு மறைக்க வழி உண்டு. உருவம் படிந்த, மங்கலான மருந்துப் பக்கத்தில் விழுந்தது வண்ணப் பிரதியில் பச்சைக் கோடாகத் தெரியும், இன்னும் ஆழமானால் மஞ்சள், முழுக்கச் சுரண்டப்பட்டால் வெள்ளை. பச்சைக் கோடு என்பது உருவமே போன இடம். தோட்டத் திடலில் துணி கட்டி ஓட்டிய பிரதிகளில் புழுதிக் கீறல் இல்லாமல் இருக்காது. அதற்காக ஒதுக்க வேண்டாம், எழுதினால் போதும். மலாய்த் துணைவரிகள் (சப்டைட்டில்) சுருளிலேயே பொறிக்கப்பட்டிருந்தால் அதையும் எழுதுங்கள். சிலர் அதைக் குறையாக நினைக்கிறார்கள். எங்களுக்கு அது இந்த நாட்டில் ஓடிய பிரதி என்பதற்கு அத்தாட்சி.

ஓரத்தில் வட்டம், சதுரம், முக்கோணம் போன்ற குறிகள் இருந்தால் அவை கோடக் நிறுவனத்தின் ஆண்டுக் குறிகள். 20 ஆண்டுக்கு ஒரு முறை திரும்ப வரும்: ஒற்றை வட்டம் 1936, 1956, 1976 மூன்றையும் குறிக்கும். மூன்றில் எது என்பதை மற்ற அடையாளங்களைக் கொண்டு முடிவு செய்யலாம். அது சுருள் தயாரான ஆண்டு. படம் வெளிவந்த ஆண்டு அல்ல. 1956 படத்தின் பிரதியில் பிந்திய ஆண்டுக்குரிய குறி வந்தால் அது பிற்காலத்தில் அச்சானது என்று பொருள்படலாம், “முதல் வெளியீட்டுப் பிரதி” என்று அதற்கு விலை ஏற்றுவது நியாயமில்லை.

சுத்தம் செய்வதில் நடக்கும் கொடுமைகள் தனி. ஈரத் துணியால் துடைத்தால் மருந்துப் பக்கம் ஊறிக் கையோடு வந்துவிடும்; அது ஜெலட்டின். மருந்துக் கடையில் கிடைக்கும் 70 விழுக்காடு ஆல்கஹாலும் ஆகாது, மீதி 30 விழுக்காடு தண்ணீர்தானே. 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி, நூல் உதிராத மென்துணியில் லேசாக நனைத்து, காற்றோட்டமான இடத்தில் சுருளை மெதுவாகத் துணிக்கு நடுவே ஓடவிடுங்கள். சுற்றிக்கொள்ளும் ரீலை எட்டுவதற்குள் காய்ந்துவிடும் வேகத்தில் சுற்ற வேண்டும். ஐம்பது அடிக்கு ஒரு முறையாவது துணியின் இடத்தை மாற்றாவிட்டால் அதே மண் திரும்பக் கீறும். பூஞ்சணம் பிடித்திருந்தால் முதலில் குளிரூட்டிய அறையில் சில நாள் உலரவிட்டு, வெளியில் வைத்து, முகமூடி போட்டு, மென்தூரிகையால் தட்டிவிட்ட பிறகே ஆல்கஹால். ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் பூஞ்சணத்தோடு படமும் போய்விடும்.

வைப்பதற்கு: ஈரப்பதம் 30 முதல் 50 விழுக்காடு, முடிந்தவரை குளிர்ச்சி. 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சணம் உறுதி, நம் ஊரில் சும்மா இருக்கும்போதே 80. துருப்பிடித்த தகர டின்னை மாற்றி, காற்றுப் புகும் பாலிப்ரொப்பிலின் டப்பா போடுங்கள். வினிகர் வாடை உள்ளதைத் தனி அறையில். சிலிக்கா ஜெல் போட்டால் மாதம் ஒரு முறை நிறம் பார்த்து மாற்றவோ வறுக்கவோ வேண்டும். போட்டுவிட்டு மறந்தால் அது நனைந்த பொட்டலமாகக் கிடக்கும், ஒரு பயனும் இல்லை.

மெஷின் வாங்குகிறவர்களுக்கும் இரண்டு வரி. முதலில் லீடர் துண்டு (படம் இல்லாத வெற்றுச் சுருள்) ஒன்றைச் சில தடவை ஓட்டி, வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். புதிய கோடு விழுந்திருந்தால் வாயிலில் அழுக்கோ உலோகப் பிசிறோ இருக்கிறது. பெல் அண்ட் ஹோவெல் மெஷின்கள் சிலவற்றில் உள்ள பிளாஸ்டிக் வார்ம் கியர் வயதானால் வெடித்துவிடும், கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பழைய ரப்பர் பெல்ட் தாராகி உருகியிருக்கும். பல்பு 24 வோல்ட் 250 வாட் இ.எல்.சி. வகையா என்று கேளுங்கள், அது இன்னும் கிடைக்கிறது. பழைய உயர்மின்னழுத்த பல்பு போடும் மெஷினுக்கு ஒரு பல்பு தேடுவதற்குள் மெஷின் விலை ஆகிவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று. நடிகர் பெயர் இல்லை என்பதற்காக டின்னை ஒதுக்காதீர்கள். 1946இல் தொடங்கிய அரசாங்கப் பட நிறுவனமான மலாயன் ஃபிலிம் யூனிட், பின்னாளில் ஃபிலெம் நெகாரா, பல மொழி விளக்கவுரையோடு செய்திப் படங்களும் பிரச்சாரப் படங்களும் எடுத்தது. அவற்றில் தமிழும் உண்டு. தகவல் இலாகாவின் வண்டிகள் அவற்றைத் தோட்டம் தோட்டமாகக் காட்டின. அப்படி ஒரு பத்து நிமிடச் சுருள் உங்கள் எம்.ஜி.ஆர். படத்தைவிட அரிதாக இருக்கலாம். சினிமாவிலும் அப்படித்தான்: முதல் தமிழ்ப் பேசும் படமான 1931இன் ‘காளிதாஸ்’ படத்துக்கே இன்று பிரதி இல்லை. 1930, 40களின் டின் எதுவானாலும் வெட்டவோ ஓட்டவோ வேண்டாம். கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் புனே தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்துக்கும் பெயரையும் நீளத்தையும் எழுதிக் கேளுங்கள். துளையை நம்பாமல் உருளையில் ஓடும் ஸ்கேனர்கள் இரண்டு விழுக்காடு சுருங்கிய சுருளையும் வாங்கிக்கொள்ளும்.

பிரதியை வாங்கினால் படத்தின் உரிமையும் வந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். வராது. மலேசியச் சட்டப்படி திரைப்படத்துக்கான பதிப்புரிமை வெளியான ஆண்டுக்கு அடுத்து 50 ஆண்டுகள், இந்தியச் சட்டப்படி 60. கோயில் திருவிழாவில் பொதுமக்களுக்குப் போட்டுக் காட்டுவதானால் மலேசியாவின் 2002ஆம் ஆண்டுத் திரைப்படத் தணிக்கைச் சட்டமும் இருக்கிறது. அனுமதி வாங்கிக்கொண்டு செய்யுங்கள்.

தபாலில் அனுப்பும்போது சுருளின் நுனியைப் பசைடேப்பால் ரீலில் ஒட்டாதீர்கள்; அமிலமில்லாத தாள் பட்டையால் கட்டுங்கள். ரீல் டப்பாவுக்குள் ஆடக்கூடாது. முதலில் சொன்ன ஒரு பக்கத் தாளின் நகல் ஒன்று டப்பாவுக்குள், பென்சிலில் எழுதி. மை வேண்டாம், ஈரத்தில் கரைந்து சுருளில் ஏறும்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் சிறு விளம்பரப் பகுதிக்குப் படச்சுருள் விற்பனை அறிவிப்பு வந்தால், எத்தனை அடி, நூறு துளைக்கு எத்தனை மில்லிமீட்டர், வாடை உண்டா இல்லையா என்ற மூன்றையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். ஒரு வரிக்குள் அடங்கிவிடும். அந்த மூன்றையும் சொல்ல மறுக்கிறவரின் அறிவிப்பில் “பார்க்கப்படாத சுருள்” என்று போட்டுவிடலாம். வாங்குகிறவர் அதற்கேற்ற விலை பேசிக்கொள்வார்.

இப்படிக்கு,
படச்சுருள் சேகரிப்பாளர்கள் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்.